ஊசி அக்கா ஒட்டிவைத்த பக்கங்கள்

எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிற அறை, வாசலிலிருந்து முதல் அறை. அகலமான கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி, ஒரு மேசை, மூடியின் நிறப்படி அடுக்கிய குப்பிகள், ஸ்பிரிட் வாசனை, அப்புறம் ஊசி அக்கா. அவருக்கு வேறு பெயர் உண்டு, சம்பளச் சீட்டில் இருக்கிறது. பத்தொன்பது வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த அத்தனை பேருக்கும் அவர் ஊசி அக்காதான். அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான்.

நான் அடுத்த அறை. அவர் எடுத்துத் தருகிற ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, இயந்திரத்தில் வைத்து, வருகிற எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். நுண்ணுயிரியல் பட்டதாரி. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அக்காவிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் பட்டதாரி" என்பார். அதில் கிண்டல் இருந்தது. கொஞ்சம் மரியாதையும் இருந்தது என்று நானே வைத்துக்கொண்டேன்.

இரண்டு அறைக்கும் நடுவில், குப்பிகளைக் கொடுத்து வாங்க ஒரு சின்னச் சன்னல். அது வழியாகத்தான் இரண்டு வருடம் அவர் பேச்சைக் கேட்டேன்.

"கையை நீட்டுங்க. நல்லா மூடித் திறங்க. ஒரு வீடு இருக்கு. வீட்டுக்குள்ள நீளமா ஒரு நடைவழி. இந்தக் கடைசில புருஷன் ரூம், அந்தக் கடைசில பொண்டாட்டி ரூம். சண்டை போட்டுத் தனித்தனியாப் படுக்குறாங்க."

"இது எல்லா வீட்லயும் நடக்குறதுதானே அக்கா."

"நடக்கும். ஆனா இந்த வீட்ல அந்த நடைவழி தினம் ஒரு முழம் நீளுது."

"ஐயோ. எப்படி நீளும்?"

"அதைத்தான் அந்தப் பொம்பளையும் கேக்குறா. முதல்ல யாரும் கவனிக்கல. அப்புறம் ஒரு நாள் அவ கூப்பிட்டது அவருக்குக் கேக்கல. அப்புறம் கொண்டுபோன காபி ஆறிப்போச்சு. அப்புறம்... முடிஞ்சது. பஞ்சை அமுக்கிப் பிடிங்க."

"எது முடிஞ்சது? கதையா?"

"ஊசி."

எழுந்தவர் பஞ்சை அமுக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வருவார். "அந்தப் பொம்பளை என்ன ஆனா?" அக்கா வெளியே கையைக் காட்டுவார். "அங்க ஸ்டாண்டுல இருக்கு பாருங்க, மூணாவது தட்டு. எடுத்துட்டுப் போங்க. அடுத்த மாசம் கொண்டுவந்தா போதும்."

இது வலி தெரியாமல் இருக்க அவர் வைத்திருந்த தந்திரம் என்று ரொம்ப நாள் நினைத்தேன். "பயந்தா நரம்பு உள்ள போய் ஒளிஞ்சுக்கும், அதுக்கு வேடிக்கை காட்டணும்" என்று அவரே சொல்வார். அவர் எடுத்து அனுப்பிய ரத்தம் அணுக்கள் உடைந்து வீணாகி நான் திருப்பி அனுப்பியதாக ஒரு குப்பிகூட இல்லை. இரண்டாம் தடவை குத்தியதும் இல்லை. ஆனால் தந்திரம் அது இல்லை. ஊசியைத்தான் அவர் சாக்காக வைத்திருந்தார். அந்த ஜனங்கள் அந்தப் புத்தகங்களைப் படித்தே ஆக வேண்டும் என்று அவருக்கு வெறி.

காத்திருக்கிற இடத்தில் இருந்த கம்பி ஸ்டாண்டு, மருந்துக் கம்பெனிக்காரர்கள் துண்டுத்தாள் செருகிவைக்கக் கொடுத்தது. தாள்களைத் தூக்கிப் போட்டுவிட்டு அக்கா தன் சொந்தப் புத்தகங்களை அதில் அடுக்கியிருந்தார். மாயக்கதை, பேய்க்கதை, அறிவியல். இந்த மூன்று வகையைத் தவிர வேறெதுவும் கிடையாது. ஒவ்வொரு அட்டையிலும் குப்பியில் ஒட்டுகிற வெள்ளைச் சீட்டு ஒன்றை ஒட்டி, பொடி எழுத்தில் நாலு வரி எழுதியிருப்பார். ஆக்டோபஸ் பற்றிய புத்தகத்தில்: "மூணு இதயம், நீல ரத்தம். நம்ம லேப்புக்கு வந்தா எந்தக் குப்பியில எடுக்குறதுன்னு எனக்கே தெரியாது. அவசியம் படிக்கவும்." எறும்பின் உடம்புக்குள் புகுந்து அதை ஆட்டிவைக்கிற பூஞ்சையைப் பற்றிய புத்தகத்தில்: "இதுல பேய் இல்ல. பேய் இருந்திருந்தா பரவாயில்லைன்னு தோணும்." வருடத்தில் ஒரு நாள் மேல்நோக்கி ஓடி, தனக்குள் விழுந்ததை எல்லாம் திருப்பிக் கொடுக்கும் ஓர் ஆற்றைப் பற்றிய குண்டு மாயக்கதையில்: "முதல் நாற்பது பக்கம் நத்தை மாதிரி போகும். என் மேல கோவப்படாதீங்க. நாற்பத்தொண்ணுல ஆறு திரும்பும்."

ஜனங்கள் எடுத்துப் போனார்கள். நல்ல விஷயம், எல்லாம் திரும்பியும் வந்தன. மாதச் சோதனைக்கு வருகிறவர்கள் பையிலிருந்து பத்திரமாக எடுத்து மேசைமேல் வைப்பார்கள். "எப்படி இருந்துச்சு?" என்பார் அக்கா. "சூப்பர் அக்கா" என்பார்கள். அக்கா சிரிப்பார். அவர்கள் போனதும் புத்தகத்தைக் கையில் எடுத்து, பின்னட்டையைத் திறந்து, கட்டைவிரலால் எதையோ தடவிப் பார்ப்பார். பிறகு ஸ்டாண்டில் வைத்துவிட்டு "அடுத்தவங்க வாங்க" என்பார்.

அவர் என்ன தடவுகிறார் என்பது அந்த ஸ்டாண்டின் கால் உடைந்த அன்றுதான் தெரிந்தது.

புதுக் கால் வைக்க ஸ்டாண்டு போனதால், புத்தகங்களை இரண்டு அட்டைப்பெட்டியில் போட்டு அவர் வீட்டில் வைக்க நான் தூக்கிப் போனேன். டயர் கடைக்கு மேல் நாலாவது மாடி. மாடிப்படி முழுக்க ரப்பர் வாசனை. உள்ளே இரண்டு அறை, சுவர் நிறையப் புத்தகம், ஒரே ஒரு நாற்காலி. என்னை அதில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்போது அவர் தம்பியிடமிருந்து போன் வந்தது. தம்பி வேறு ஊரில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. சாப்பிட்டாயா, முட்டிவலி எப்படி, இன்னும் அந்தப் பேய்ப் புத்தகம்தானா. மூன்று கேள்வி, ஒன்றரை நிமிடம், வைத்துவிட்டார்.

"தனியா இருக்குறவங்க பேய்க்கதை படிக்கக் கூடாதுங்குறான்" என்றார் அக்கா. "இதைச் சொல்றவங்க எல்லாருமே வீடு நெறைய ஆள் வச்சிருக்குறவங்கதான்டா. எனக்கு, பேய்க்கதை படிச்சா வீட்ல இன்னொரு ஆள் இருக்குற மாதிரி இருக்கும். அடுப்படில ஏதாவது உருண்டா 'யாரு'ன்னு கேக்கலாம்ல."

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு டீ போடப் போனார்.

அந்த நேரத்தில் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துச் சும்மா புரட்டினேன். அந்த நடைவழிக் கதைதான். கடைசிப் பத்துப் பன்னிரண்டு பக்கம் மட்டும் பிரியவில்லை. ஓரத்தில், பஞ்சை ஒட்டுகிற வெள்ளைக் காகித டேப் ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டியிருந்தது. நுனியை மடித்து, நோயாளிக்கு உரிக்கச் சுலபமாக நாங்கள் எப்படி ஒட்டுவோமோ அப்படி. அடுத்த புத்தகத்தைப் பார்த்தேன். அதிலும். அதற்கடுத்ததிலும்.

டீயோடு வந்த அக்கா பார்த்துவிட்டார். தப்புச் செய்தது தான்தான் என்பதுபோல அவருக்கு வெட்கம் வந்தது.

"கடைசி அத்தியாயம் வரைக்கும் வந்தவங்க அதைப் பிரிச்சுத்தானே ஆகணும்? பிரிச்சா உள்ள ஒரு சீட்டு இருக்கும். வந்து பேசச் சொல்லி எழுதியிருக்கேன்."

"எத்தனை பேர் பிரிச்சிருக்காங்க அக்கா?"

"டீ ஆறுது, குடி."

ஸ்டாண்டு வைத்து மூன்று வருடம். முப்பத்தொரு புத்தகம். ஒன்றிலும் டேப் பிரிந்திருக்கவில்லை.

எனக்குக்கூட அவர் எத்தனையோ தடவை சன்னல் வழியாகப் புத்தகம் நீட்டியிருக்கிறார். "நேரமில்லக்கா" என்பேன். உண்மை என்னவென்றால், பரீட்சையில் வராத புத்தகத்தை ஒரு மனுஷன் எதற்காகப் படிக்க வேண்டும் என்பது எனக்குப் புரியாத விஷயம். பாடப்புத்தகங்களை வரி வரியாக மனப்பாடம் செய்துதான் ஊரிலிருந்து இந்த வெள்ளைக் கோட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்து சேர்ந்தாயிற்று. ஊர் வந்த பிறகும் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பார்களா?

மற்றவர்கள் ஏன் படிக்கவில்லை என்பதைச் சொன்னவர் வெல்டிங் அண்ணன். சர்க்கரை நோய்க்காரர், மாதம் தவறாமல் வெறும் வயிற்றோடு வந்து அக்காவின் நாற்காலியில் முதல் ஆளாக உட்காருகிறவர். ஸ்டாண்டு புதுக் காலோடு திரும்பி வந்ததும் எடுத்துப்போன நடைவழிக் கதையை அடுத்த மாதம் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். அக்கா உள்ளே யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நான் வெளியே நின்று அவரிடம் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே. படிச்சீங்களா?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எதுக்குத் தம்பி படிக்கணும்? அக்காதான் படம் ஓட்டுன மாதிரி சொல்லிடுறாங்களே. நான் வீட்டுக்குப் போய் அதையே என் பொண்டாட்டிகிட்ட சொல்லி அவ ஒரு வாரம் லைட்டை அணைக்க விடல. புஸ்தகம் டிவி மேல பத்திரமா இருந்துச்சு. பிள்ளைங்களைத் தொட விடல. பெரியவங்க பொருள் பாருங்க."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம்னு நீ சொல்லுவியா?"

நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு அக்கா அந்தப் புத்தகத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, தடவிப் பார்க்க நேரமில்லாமல், கூட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். குப்பி ரேக்கை எடுக்க உள்ளே போன நான் புத்தகத்தையும் சேர்த்து எடுத்து வந்தேன். என் மேசைக் கத்தரியால் டேப்பை நேராக வெட்டினேன். உள்ளே குப்பிச் சீட்டு ஒன்று. "இதுவரை வந்துட்டீங்க. நான் முதல் அறையில இருப்பேன். காலை ஏழுலருந்து பதினொண்ணு. வந்து சொல்லுங்க, அவ ஏன் அப்படிச் செஞ்சா?" அந்த அவள் என்ன செய்தாள் என்று பார்க்க ஒரு பக்கத்தைக்கூட நான் திருப்பவில்லை. சீட்டை மட்டும் உருவிப் பர்ஸில் போட்டுக்கொண்டு, புத்தகத்தை அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். நல்லது செய்துவிட்ட திருப்தியில் இரண்டு டீ குடித்தேன்.

பதினோரு மணிக்குக் கூட்டம் குறைந்ததும் முதல் அறையில் சத்தமே இல்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"பட்டதாரி" என்றார். "வெல்டிங் அண்ணன் முடிச்சுட்டாருடா."

"அப்படியா அக்கா?"

"சீட்டைக்கூட எடுத்துட்டுப் போயிருக்காரு. மனுஷன் ஒரு வார்த்தை சொல்லல பாரு! கூட்டமா இருந்துச்சுல்ல. கூட்டத்துல பேசுற விஷயமா அது?"

அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் நடந்துகொண்டது எனக்கு முதலில் சந்தோஷமாகவும் பிறகு பயமாகவும் இருந்தது. அந்தக் கதையை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். மறந்துபோன இடங்களைச் சீட்டில் குறித்தார். ஆள் கிடைத்துவிட்ட மாதிரி ஸ்டாண்டுக்கு இன்னும் ஆறு புத்தகம் கொண்டுவந்தார். "நேரா அவருகிட்டப் போய்க் கேட்டா நல்லா இருக்காது, அவராச் சொல்லட்டும்" என்று என்னிடம் சொல்வார். அரை மணி கழித்து, "ஆனா எல்லாரும் போன பிறகு வரச் சொல்லலாம்ல? வெறும் வயித்துல வருவாரு, பன்னு ஏதாவது வாங்கி வச்சுடுவோமா?" என்பார். "சர்க்கரைக்காரருக்குப் பன்னாக்கா?" என்றால், "அட, ஆமாடா" என்று தலையில் தட்டிக்கொள்வார். உண்மையைச் சொல்ல நாலு தடவை சன்னல்வரை போனேன். நாலு தடவையும் ஏதாவது ஒரு குப்பியை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வெல்டிங் அண்ணன் வருகிற நாள் வந்தது. அக்கா அவரை முதல் ஆளாகக் கூப்பிடவில்லை. "அண்ணே, கடைசியாப் பாத்துக்கலாமா? பசி தாங்குவீங்களா?" என்று கேட்டு உட்கார வைத்தார். எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்தினார். நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அண்ணே, முடிச்சுட்டீங்கல்ல?"

"முடிச்சாச்சுக்கா. பயங்கரம்."

"சொல்லுங்க. அவ ஏன் நிக்கல?"

"யாரு?"

"அவதான். கடைசில."

"ஆமா... அவ... நின்னிருக்கலாம்தான்." பாவம், அவர் தப்பிக்க வழி தேடினார். "பேய் தொரத்துதுல்ல? தொரத்துனா யாரு நிப்பா?"

அந்தக் கதையில் பேய் துரத்துவதே இல்லை. பேயே இல்லை.

அக்கா ரப்பர் பட்டையைக் கட்டினார், நரம்பைத் தட்டினார், எடுத்தார், பஞ்சை வைத்தார். "போய்ச் சாப்பிடுங்கண்ணே, ரொம்ப நேரம் ஆயிடுச்சு" என்று கதவைத் திறந்துவிட்டார். பிறகு புத்தகத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அந்த டேப்பைப் பார்த்தார். நான் அப்போதுதான் முதல் தடவையாக அதை ஒழுங்காகப் பார்த்தேன். ஒட்டியிருந்த முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் பாதிப் பாதியாக, கோடு போட்ட மாதிரி வெட்டு. மடித்த நுனி மடித்தபடியே இருந்தது.

சன்னலுக்கு வந்தார்.

"கதை தெரிஞ்சுக்கத் துடிக்கிறவன் நுனியைப் புடிச்சு இழுப்பான். இல்லாட்டிக் கிழிப்பான். கத்தரி தேடிட்டு யாருடா போவான்?"

நான் தலையைக் குனிந்தேன்.

"உன் கத்தரியா?"

"நல்லதுன்னு நெனச்சுத்தான் அக்கா..."

"சீட்டு எங்க?"

பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் படித்துப் பார்த்தார், தான் எழுதியதையே. பிறகு ஊசி முனைகளைப் போடுகிற வெள்ளை டப்பாவுக்குள் போட்டார். அதற்குள் போட்ட எதையும் திரும்ப எடுக்க முடியாது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த நாளிலிருந்து அவர் வேலை மட்டும் பார்த்தார். "கையை நீட்டுங்க. மூடித் திறங்க. அமுக்கிப் பிடிங்க." அவ்வளவுதான். ஸ்டாண்டு இருந்தது, அதை யாருக்கும் காட்டவில்லை. வருகிறவர்கள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்கள். "இன்னைக்கு வலிக்குதே" என்றார்கள். ஒரு வாரத்தில் உடைந்த ரத்தமாக மூன்று குப்பி என் பக்கம் வந்தது. பத்தொன்பது வருடத்தில் வராதது. நான் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். நான் பிடித்தது குரங்காகக்கூட வரவில்லை.

மன்னிப்புக் கேட்கலாம். கேட்டேன். "சரி விடு" என்றார். அது மன்னிப்பு இல்லை, கதவைச் சாத்துவது.

அப்புறம் ஒரு மதியம், அவர் சாப்பிடப் போன நேரத்தில், ஸ்டாண்டிலிருந்து நடைவழிக் கதையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நான் படிக்கிறவன் இல்லை. முதல் வாரம் பேனாவை எடுத்து முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடு போடப் போய், எது முக்கியம் என்று தெரியாமல் முழித்தேன். பஸ்ஸில் படித்தேன், நிறுத்தம் தாண்டிப் போனேன். ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டபோது புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

"படிச்சு முடிச்சாச்சுன்னு சொந்தக்காரங்க எல்லாருகிட்டயும் சொல்லிட்டேனேடா! இப்ப என்ன மறுபடி புஸ்தகம்? எதுலயாச்சும் பெயிலாயிட்டியா?"

"இல்லம்மா, கதைப் புஸ்தகம்."

"கதையா? உடம்பு நல்லா இருக்குல்ல?"

கதை அக்கா சொன்னதுதான். ஆனால் அவர் சொன்னதில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. அவர் சொல்லும்போது இரண்டு நிமிடத்தில் நீண்ட நடைவழி, படிக்கும்போது உண்மையாகவே தினம் ஒரு முழமாக நீண்டது. எண்பது பக்கம் அந்தப் பெண் சமைக்கிறாள், துடைக்கிறாள், எடுத்துக்கொண்டு போகிறாள், கொஞ்சம் அதிக நேரம் ஆகிறது. அவ்வளவுதான். அந்த எண்பது பக்கத்தில் ஏதோ ஓர் இடத்தில், டயர் கடைக்கு மேலிருக்கிற அந்த ஒற்றை நாற்காலி என் ஞாபகத்துக்கு வந்தது. புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பஸ் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் ஆயிற்று. முடித்த அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கிற ரத்தத்துக்காக ஒரு பெரியவர் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் பட்டை கட்டியாயிற்று. என்னால் காத்திருக்க முடியவில்லை. சன்னலில் தலையை விட்டேன்.

"அக்கா, அவ நின்னிருக்கணும்."

அவர் திரும்பவில்லை.

"இருட்டுல இவ இந்தச் சுவத்தைப் புடிச்சுட்டு வரா. எதுத்தாப்புல வேற யாரோ அந்தச் சுவத்தைப் புடிச்சுட்டு வராங்க. இருமல் சத்தம். அவரோட இருமல் மாதிரியே இருக்கு. இவ ஒரு நிமிஷம்கூட நிக்காமத் தாண்டிப் போயிடுறா. முட்டாள் பொம்பளை."

"முட்டாளா?" அக்கா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினார். "நீ யாருடா அவளை முட்டாள்னு சொல்ல? நின்னு பாத்து அது அவரு இல்லைன்னா? அவ்வளவு தூரம் நடந்துட்டு, அது அவரு இல்லைன்னு தெரிஞ்சுக்கணுமா? நிக்காத வரைக்கும் அது அவராத்தான் இருக்கும்."

"அவராவே இருந்திருந்தா?"

"இருந்திருந்தா அவரு நின்னிருக்கணும். அவருக்குக் காது இல்லையா? இவ செருப்புச் சத்தம் தெரியாதா?"

"அவரும் இவளை மாதிரியே நெனச்சிருப்பாருக்கா. நின்னா அவ இல்லைன்னு ஆயிடுமோன்னு. ரெண்டு பேரும் இப்படியே நெனச்சுட்டு நடந்தா எப்படி?"

அக்கா ஊசித் தட்டைத் தள்ளி வைத்தார். "அவரு பக்கத்துல இருந்து நான்..." என்றார். "இத்தனை வருஷமா, அவரு பக்கத்துல இருந்து நான் யோசிச்சதே இல்லடா."

"அதான் தப்பு. ஒருத்தராவது..."

"இரு இரு. தப்புன்னு சொல்லாதே. அவ ஏற்கனவே ஒரு தடவை நின்னு ஏமாந்தா. அம்பதாவது பக்கமோ என்னமோ, ஞாபகம் இருக்கா? அந்தப் பூனை?"

"அது பூனைக்கா! இது இருமல்!"

"தாயே," என்றார் நாற்காலியில் இருந்த பெரியவர். "என் கை மரத்துப்போச்சு. பட்டையை அவுத்துட்டுச் சண்டை போடுங்க."

அக்கா பதறிப்போய்ப் பட்டையை உருவினார். ஒரு நிமிடத்துக்கு மேல் பட்டை கட்டி வைக்கக் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொன்னவர். பெரியவரின் கையைத் தேய்த்துவிட்டார், மன்னிப்புக் கேட்டார், மறு கையில் எடுத்தார். குப்பியை என்னிடம் நீட்டும்போது அவர் கண் கலங்கியிருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தார். அந்தக் குப்பியை நான் சுழற்றி முடித்து எடுத்தபோது மேலே தெளிவான மஞ்சள் நீர், கீழே திட்டமான சிவப்பு. நல்ல ரத்தம்.

சாயங்காலம் ஆய்வகத்தை மூடிவிட்டுச் சேர்ந்து இறங்கினோம். அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். புதிது. அட்டையில் சீட்டில்லை.

"போன வாரம் வந்தது. இதைப் பத்தி யாருகிட்டயும் வாய் திறக்கல. வாய் திறக்கத்தான் ஆளில்லையே இப்ப. எடுத்துட்டுப் போ. கடலுக்கு அடியில ஒரு ஊரு, அங்க ஒரு வாத்தியாரு..."

"அக்கா, சொல்லாதீங்க."

"ஆரம்பம் மட்டும்டா. அந்த வாத்தியாரு ஒரு நாள்..."

"அக்கா." நின்றுவிட்டேன். சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. போன தடவை மறைத்துத்தான் கெடுத்தேன் என்பதால் சொல்லிவிட்டேன். "நீங்க ரொம்ப நல்லாச் சொல்றீங்க. அதனாலதான் யாரும் படிக்கிறதில்ல. உங்ககிட்டக் கேட்டுட்டு வீட்டுக்குப் போனா, படிச்சு முடிச்ச மாதிரியே இருக்குது அவங்களுக்கு."

"யாரு சொன்னா?"

"வெல்டிங் அண்ணன். மத்தவங்களும் அப்படித்தான்னு நெனக்கிறேன்."

அக்கா நடைபாதையில் நின்றார். ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருடத்து மனிதர்களை ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார வைத்து எழுப்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"நானேவா கெடுத்தேன்?" என்றார்.

நான் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

பஸ் நிறுத்தம் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று முதலில் நினைத்தேன். ஓரக்கண்ணால் பார்த்தபோதுதான் தெரிந்தது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். கடலுக்கு அடியில் இருக்கிற அந்த ஊர் அவர் தொண்டைவரை வந்து நின்றது. இரண்டு தடவை மூச்சை இழுத்தார். இரண்டு தடவையும் விழுங்கிவிட்டார்.

"ரொம்ப நாளாகுமா?" என்றார் கடைசியில், நிறுத்தம் வந்ததும். "முடிக்க?"

"மூணு வாரம். நாலும் ஆகலாம்."

தலையாட்டினார். பஸ் வந்தது. வாயைத் திறந்தார். நான் அவரையே பார்த்தேன். மூடிக்கொண்டு, என் முதுகில் கையை வைத்துப் படியில் ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பி, முனை திரும்பும்வரை நிறுத்தத்திலேயே தனியாக நின்றுகொண்டிருந்தார், வாயை இறுக்க மூடியபடி.